குழந்தைகள் வளரும் வீட்டில் உரிமத் துப்பாக்கியைப் பத்திரப்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில், சிறு பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டக் காவலுக்கு வாங்கிய 12 போர் இரட்டைக்குழல், தற்காப்புக்கு வாங்கிய .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், மலையோர ஊர்களில் தாத்தா காலத்திலிருந்து கைமாறி வரும், குழல்வாய் வழியே வெடிமருந்து போடும் (மருந்திடும்) ஒற்றைக்குழல் ஆகியவையே நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பதால், படிகளும் அவற்றுக்கு ஏற்றபடியே அமைந்துள்ளன.

வேலை முடியும்போது வந்து சேர வேண்டிய நிலை இதுதான்: துப்பாக்கி காலியாகவும் பூட்டிய பெட்டிக்குள்ளும் இருக்க வேண்டும், தோட்டாக்கள் வேறொரு இடத்தில் வேறொரு பூட்டுக்குள் இருக்க வேண்டும், இரண்டின் சாவிகளும் உரிமதாரரிடம் மட்டுமே இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, காலியாக வைத்தல், பூட்டி வைத்தல், தோட்டாவைப் பூட்டி வைத்தல், தோட்டாவைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து வைத்தல் ஆகிய நான்கும் தனித்தனியாகவே பிள்ளைகளுக்கு நேரும் துப்பாக்கிக் காயங்களையும் பதின்வயதினரின் தற்கொலைகளையும் குறைப்பதோடு தொடர்புடையவை என்று காட்டியது. ஆகவே ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம் என்ற கணக்கு செல்லாது.

புதிதாக உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்குவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெட்டி வந்த பிறகு அதை எங்கே வைப்பது, சாவி யாரிடம் இருப்பது, தோட்டாவை எதில் போடுவது என்று ஒவ்வொன்றாக யோசிப்பதற்குள் துப்பாக்கி சில வாரங்கள் துணி அடுக்குக்குள் கிடந்துவிடுகிறது. அந்த இடைவெளியே ஆபத்தானது என்பதால், கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டியவை

துப்பாக்கி வீட்டுக்கு வரும் முன்பே பின்வருவன தயாராக இருக்க வேண்டும்: சுவரோடு போல்ட் போட்டுப் பொருத்தக்கூடிய எஃகுப் பெட்டி ஒன்று, தோட்டாவுக்குத் தனியாக ஒரு சிறிய இரும்புப் பெட்டி, குழலுக்குள் நுழைத்துப் பூட்டும் கம்பிவடப் பூட்டு ஒன்று, 20 லிட்டர் பெயின்ட் வாளி நிறையக் காய்ந்த மணல், ஒரு டார்ச், ஒரு சிறு நோட்டு.

மணல் வாளி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். துப்பாக்கியைக் காலி செய்யும்போது குழல்வாயை ஏதேனும் ஒரு பக்கம் திருப்பித்தான் ஆக வேண்டும். அடுக்குமாடி வீட்டில் தரைக்குக் கீழேயும் கூரைக்கு மேலேயும் மனிதர்கள் இருக்கிறார்கள், கான்கிரீட் சுவரிலோ குண்டு தெறித்துத் திரும்பும். காவல் நிலையங்களிலும் ஆயுதக் கிடங்குகளிலும் மணலை நோக்கியே துப்பாக்கியைக் காலி செய்வது வழக்கம். வீட்டிலும் அதையே செய்யலாம், செலவு அதிகமில்லை.

கடையில் பெட்டியைப் பார்க்கும்போது டேப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பழைய 12 போர் குழல்கள் பலவும் 30 அங்குலம், அதாவது ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் நீளம் உள்ளவை. பணத்துக்கும் நகைக்கும் செய்யப்பட்ட மின்னணு லாக்கர்களில், துப்பாக்கியைப் பிரித்த பின்னரும் அந்த நீளம் அடங்குவதில்லை. அடங்காத துப்பாக்கி கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்கிறது.

2. பிள்ளைகள் இல்லாத வேளையைத் தேர்ந்தெடுத்தல்

காலி செய்வது, பிரிப்பது, பெட்டியில் வைப்பது ஆகிய வேலைகளைப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றிருக்கும் வேளையில் செய்யுங்கள். பக்கத்து அறையில் உறங்குகிறார்கள் என்பது போதாது. பாதுகாப்பு ஒரு காரணம். பெட்டியின் இடமும் சாவியின் இடமும் அவர்கள் கண்ணில் படாமல் இருப்பது இன்னொரு காரணம்.

எங்கள் பிள்ளைக்குத் துப்பாக்கி இருக்கும் இடமே தெரியாது என்று உறுதியாகச் சொல்லாத பெற்றோரை நான் பார்த்தது அரிது. அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கிராமப்புறக் குடும்பங்களிடையே நடந்து 2006இல் வெளியான ஆய்வில், அப்படிச் சொன்ன பெற்றோரில் 39 விழுக்காட்டினரின் பிள்ளைகள் இடம் தெரியும் என்று தனியாகக் கேட்டபோது கூறினார்கள். என் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோரில் 22 விழுக்காட்டினரின் கூற்றையும் பிள்ளைகளே மறுத்தார்கள். தீபாவளிப் பலகாரத்தை எந்தத் தூக்கில் வைத்தாலும் கண்டுபிடிக்கும் வயது அது. ஒளித்து வைப்பதைப் பாதுகாப்பு என்று எண்ணவே கூடாது.

3. துப்பாக்கியைக் காலி செய்தல்

இந்தப் படியில்தான் அதிகத் தவறுகள் நேர்கின்றன. எல்லா வகைகளுக்கும் பொதுவாக மூன்று விதிகள் உண்டு: குழல்வாய் மணல் வாளியை விட்டு விலகக் கூடாது, விரல் விசைக்குள் நுழையக் கூடாது, காலியாகிவிட்டதா என்பதைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டுமே தவிர, விசையை இழுத்துப் பார்த்துச் சோதிக்கக் கூடாது. கடைசி விதியைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த நிமிடமே பழக்கத்தில் "சும்மா" ஒரு முறை இழுத்தும் விடுகிறார்கள்.

இரட்டைக்குழல்: மேலே உள்ள நெம்பியைப் பெருவிரலால் ஒதுக்கிக் குழலை மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாக்களையும் வெளியே எடுங்கள். பிறகு இரண்டு குழல்களின் வழியாகவும் டார்ச் ஒளி மறுமுனையில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு குழலை மட்டும் பார்த்துவிட்டு மூடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஈரத்தில் ஊறிப் பருத்த பழைய தோட்டா, குழலில் அது அமரும் அறைக்குள் இறுகிப்போயிருந்தால் அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் இருக்கும் பிரைமர் அடிபட்டாலே வெடிக்கக்கூடியது. திறந்த நிலையிலேயே வைத்துவிட்டு, எடுத்துச் செல்லும் முறையைப் பற்றி விற்பனையாளரிடம் முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிவால்வர்: கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .32 ரிவால்வர்களில் பெரும்பாலானவை மடக்கித் திறக்கும் வகையைச் சேர்ந்தவை. திறக்கும்போது நடுவில் உள்ள நட்சத்திரத் தகடு உயர்ந்து ஆறு தோட்டாக்களையும் ஒன்றாகத் தள்ளும். மெதுவாகத் திறந்தால் ஒரு தோட்டா தகட்டுக்கு அடியில் நழுவி மீண்டும் அறைக்குள் போய்விடுவதுண்டு. எனவே வெளியே வந்தவற்றை எண்ணுவதோடு நிறுத்தாமல், உருளையை ஒளிக்கு எதிரே பிடித்து ஆறு துளைகளிலும் மறுபக்கம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பிஸ்டல்: இங்கே வரிசையே உயிர். முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கப்பட்ட கூட்டை, கழற்றி அப்பால் வையுங்கள்; அதன் பிறகுதான் மேலே உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், இழுக்கும்போது அறையிலிருந்த தோட்டா வெளியே விழும், ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து புதிய தோட்டா உள்ளே ஏறிவிடும். அதன் பிறகு மேகசினைக் கழற்றியவர், தோட்டா வெளியே விழுந்ததைத் தம் கண்ணாலேயே பார்த்ததால், கையில் இருப்பது காலித் துப்பாக்கி என்று முழு மனத்தோடு நம்புவார். மேகசின் கழன்ற பின் ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்து, திறந்த நிலையில் நிறுத்தி, அறையைப் பார்த்து, சுண்டுவிரலை நுழைத்துத் தடவி உறுதி செய்யுங்கள்.

மருந்திடும் ஒற்றைக்குழல்: இதுவே மிகவும் ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் திறந்து பார்க்க இதில் எதுவும் இல்லை. மேலே உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பவர்கள் பலர். மருந்தும் ரவையும் மாதக்கணக்கில் குழலுக்குள் அப்படியே இருக்கும். மருந்து இடிக்கும் கம்பியை, காலி என்று விற்பனையாளர் சோதித்துத் தந்த குழலுக்குள் அடிவரை விட்டு, குழல்வாய்க்கு நேரே கம்பியில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பின்னாளில் எப்போது சோதித்தாலும், அந்தக் கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். மருந்து உள்ளே இருப்பதாகத் தெரிந்தால் அதை வீட்டில் தோண்டி எடுக்க முயலாமல், ஆயுதப் பழுது பார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.

சேஃப்டியை, அதாவது சுடாமல் தடுக்கும் பொத்தானை, போட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். பல இரட்டைக்குழல்களில் அது விசையை மட்டுமே தடுக்கிறது. உள்ளே சுத்தி இழுபட்ட நிலையிலேயே நிற்கிறது. அதோடு, பெரியவர் பெருவிரலால் தள்ளும் பொத்தானைப் பிள்ளையும் தள்ள முடியும். விசையை இழுக்கப் பிள்ளைக்கு வலு போதாது என்ற எண்ணமும் தவறானது: 1995இல் அமெரிக்காவில் குழந்தைகளின் விரல் வலுவை அளந்து வெளியிட்ட ஆய்வின்படி, 3–4 வயதுப் பிள்ளைகளில் 25 விழுக்காட்டினருக்கும், 5–6 வயதில் 70 விழுக்காட்டினருக்கும், 7–8 வயதில் 90 விழுக்காட்டினருக்கும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைச் சுடும் அளவுக்கு வலு இருந்தது.

4. துப்பாக்கியின் மீதே ஒரு தடை

காலி செய்த துப்பாக்கியை அப்படியே பெட்டியில் வைக்காமல், முதலில் அதைச் சுட முடியாத நிலைக்குக் கொண்டு வர வேண்டும். பெட்டி என்றாவது திறந்தே விடப்பட்டால் காப்பாற்றுவது இந்தத் தடைதான்.

இரட்டைக்குழலுக்கு எளிய வழி, பிரித்து வைப்பது. குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியே வந்துவிடும். கையில் மூன்று துண்டுகள் இருக்கும். குழலையும் முன்கட்டையையும் பெட்டியில் வைத்து, விசையோடு கூடிய பின்கட்டையை மட்டும் வேறு பூட்டுக்குள் வையுங்கள். அந்தத் துண்டு இல்லாமல் மற்ற இரண்டைக் கொண்டு சுட இயலாது. இதைச் செய்யும் வீடுகள் குறைவு. செய்தால் கிடைக்கும் நிம்மதியோ மிகுதி.

ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் கம்பிவடப் பூட்டு ஏற்றது. திறந்த நிலையில் குழலுக்குள் வடத்தை நுழைத்து வெளியே எடுத்துப் பூட்டினால், துப்பாக்கியை மூடவே முடியாது. தோட்டாவும் உள்ளே நுழையாது. விசையைச் சுற்றிப் பொருத்தும் பூட்டும் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கினால், தோட்டா உள்ள துப்பாக்கியில் அதை ஒருபோதும் மாட்டாதீர்கள். மாட்டும்போதே அதன் முள் விசையில் பட்டு அழுத்தக்கூடும்.

5. பெட்டியின் இடமும் பொருத்துதலும்

எல்லோருடைய மனத்திலும் முதலில் வருவது படுக்கையறை எஃகு பீரோ. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பூட்டு மோசம் என்பதற்காக அல்ல. பீரோ ஒரு நாளில் பலமுறை திறக்கப்படும் பொருள். புடவை எடுக்க, ரேஷன் அட்டை எடுக்க, பால்காரருக்குப் பணம் கொடுக்க என்று திறந்த கதவு, அடுப்பில் எதையோ வைத்த நினைவு வந்ததும் அப்படியே விடப்படுகிறது, சாவி கதவிலேயே தொங்குகிறது. துப்பாக்கி இருக்கும் பெட்டியில் துப்பாக்கியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. அப்போதுதான் அதைத் திறக்கக் காரணம் இல்லாத நாட்களில் அது திறக்கப்படாமல் இருக்கும்.

பரணும் பதில் அல்ல. நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறும் பிள்ளைக்கு உயரம் ஒரு விளையாட்டு.

எஃகுப் பெட்டியைச் செங்கல் சுவரிலோ தரையிலோ, பெட்டியின் உள்பக்கத்திலிருந்து எக்ஸ்பேன்ஷன் போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும்; வெளியிலிருந்து பொருத்தினால் ஸ்பேனர் வைத்திருப்பவர் எவரும் கழற்றிவிடலாம். பூச்சு மட்டும் ஓரங்குலம் இருக்கும் பழைய வீடுகளில் குட்டை போல்ட் பூச்சிலேயே நின்றுவிடும், எனவே செங்கலுக்குள் ஆழமாகப் போகும் நீளம் தேவை. உள்ளீடற்ற பிளாக் சுவரானால் சுவரை நம்பாமல் தரையில் பொருத்துங்கள். வாடகை வீட்டில் உரிமையாளரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. பொருத்தாத சிறு லாக்கரைத் திருடன் அப்படியே தூக்கிச் செல்வான். துப்பாக்கி தொலைந்தால் உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டிய கடமை உரிமதாரருக்கு உண்டு.

உள்ளே துப்பாக்கியைத் தோல் உறையிலோ துணி உறையிலோ போட்டு வைக்காதீர்கள். கடலோர ஊர்களில் உறை ஈரத்தை இழுத்து வைத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளும் போதும்.

6. தோட்டாக்கள்

தோட்டாப் பெட்டி வேறு அறையில், வேறு சாவியில் பூட்டப்படும் பெட்டியாக இருக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் மேல்தட்டில் துப்பாக்கி, கீழ்த்தட்டில் தோட்டா என்று வைத்துவிட்டுப் பிரித்து வைத்திருப்பதாகச் சொல்வது பொருளற்றது. ஒரு கதவு திறந்தால் இரண்டும் கைக்கு வந்துவிடும். அடுப்படி, பூஜையறை விளக்கு, வெயில் படும் ஜன்னல் ஆகியவற்றுக்கு அருகில் இந்தப் பெட்டி இருக்கக் கூடாது. மருந்திடும் துப்பாக்கி உள்ளவர்கள் மருந்து டப்பாவுக்கும் கேப்புகளுக்கும் இந்த விதியை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

வாங்கியது, சுட்டது, மீதி ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். உரிமத்தில் தோட்டாவுக்கு அளவு குறிக்கப்பட்டிருப்பதால் அந்தக் கணக்கு எப்படியும் தேவைப்படும். ஆனால் வீட்டைப் பொறுத்தவரை அதன் பயன் வேறு. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது சட்டைப்பையிலோ கார் டேஷ்போர்டிலோ மேசை இழுப்பறையிலோ கிடக்கிறது என்று பொருள். பிள்ளைக்கு முன் அதை நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டும். தோட்டக் காவலுக்குப் போய்வந்த இரவில் சட்டைப்பையை உதறிப் பார்க்காமல் துவைக்கப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு.

சுட்டு முடித்த காலித் தோட்டாக்களைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். வண்ணப் பிளாஸ்டிக்கும் பித்தளையும் பார்க்க அழகாக இருப்பதால் அவை விளையாட்டுப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. காலித் தோட்டாவோடு பழகிய பிள்ளை, நிறைந்த தோட்டாவைக் கண்டாலும் அதே பொருள் என்று எண்ணிக் கல்லால் தட்டிப் பார்க்கும்.

7. சாவி

உண்மையில் பூட்டு என்பது சாவி இருக்கும் இடம்தான். பெட்டிக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதைவிட, இன்று மதியம் நீங்கள் வெளியே போயிருக்கும்போது சாவி எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. பார்த்த வீடுகளில் எல்லாம் பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: பீரோ உச்சி, பூஜையறையில் சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டிரம்முக்கு அடியில், அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நான்கு இடங்களும் தெரியும்.

சாவி உரிமதாரரின் அரைஞாணிலோ, கழுத்துச் சங்கிலியிலோ, எப்போதும் உடன் இருக்கும் சாவிக்கொத்திலோ இருக்க வேண்டும். சாவிக்கொத்து என்றால், வீட்டுக்குள் நுழைந்ததும் ஆணியில் மாட்டப்படும் வண்டிச் சாவியோடு அது சேர்ந்திருக்கக் கூடாது. உரிமம் ஒருவர் பெயரில் இருப்பதால், அவர் இல்லாதபோது சாவியை மற்றவர்களிடம் விட்டுச் செல்வது பாதுகாப்புப் பிரச்சினை மட்டுமன்று, சட்டச் சிக்கலும்கூட.

பெட்டி வாங்கும்போது சாவி இரண்டாக வரும். இரண்டாவது சாவியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் சற்று யோசிக்கிறார்கள். அதை வங்கி லாக்கரில் வைத்துவிடுங்கள். வங்கி லாக்கரில் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைக்க அனுமதி இல்லை, சாவியை வைப்பதற்குத் தடையில்லை.

எண் பூட்டு வைத்திருப்பவர்கள் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். அது பெட்டியோடு வரும் தாளிலேயே அச்சாகியிருக்கும். பிறந்த தேதி, வண்டி எண், கைபேசியின் பூட்டு எண் ஆகியவை வேண்டாம். கைபேசியின் பூட்டு எண்ணைப் பிள்ளைகள் உங்களுக்கு முன்பே அறிவார்கள். எண்ணை அழுத்தும்போது உடலால் மறைத்துக்கொள்ளுங்கள். மின்கலம் தீர்ந்தால் திறப்பதற்குத் தரும் அவசரச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிடாதீர்கள், பெட்டியின் தலைமேலும் வைக்காதீர்கள். முதலாவதைச் செய்தவர்கள் பூட்டுக்காரரை அழைக்கிறார்கள், இரண்டாவதைச் செய்தவர்கள் பூட்டே இல்லாமல் இருக்கிறார்கள். விரல்ரேகைப் பூட்டு வேகமானது. ஆனால் உறங்கும் தந்தையின் விரலை எடுத்து வைத்துத் திறக்கலாம் என்பது கைபேசியில் பழகிய பிள்ளைகளுக்குப் புதிய செய்தியன்று.

இரவில் திருடன் வந்தால் இத்தனை பூட்டையும் திறந்துகொண்டிருக்க முடியுமா என்ற கேள்வி தவறாமல் வரும். நியாயமான கேள்விதான். தலையணைக்கு அடியில் நிறைந்த துப்பாக்கியை வைப்பவர், என்றோ ஒரு நாள் வரக்கூடிய திருடனுக்காக, நாள்தோறும் அதே கட்டிலில் குதித்து விளையாடும் பிள்ளையைப் பணயம் வைக்கிறார் என்பதே என் பதில். தாழ்ப்பாள், வாசல் கிரில், விளக்கு, நாய், கேமரா ஆகியவற்றுக்கு முதலில் செலவு செய்யுங்கள்.

8. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது

பூட்டு வேலைகள் முடிந்த பிறகே இந்தப் படி வருகிறது; இதை முதலில் செய்துவிட்டுப் பூட்டைத் தள்ளிப்போடுவது பெரும் பிழை. அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. 8 முதல் 12 வயதுவரை உள்ள 64 சிறுவர்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டு, இழுப்பறையில் சுட முடியாத நிலையில் மாற்றிய உண்மையான கைத்துப்பாக்கியை வைத்தார்கள். 48 பேர் அதைக் கண்டார்கள், 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை இழுத்தார்கள். எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் கற்பிக்கப்பட்டவர்கள்.

அதற்காகச் சொல்லாமல் விட வேண்டியதில்லை. உறவினர் வீட்டில் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு மூன்று வாக்கியங்கள் போதும்: தொடாதே, அந்த இடத்தை விட்டு வெளியே வா, உடனே பெரியவரிடம் சொல். ஓடி வந்து சொன்ன பிள்ளையை, அங்கே ஏன் போனாய் என்று அதட்டினால் அடுத்த முறை சொல்லாது. அப்பா, நானும் பார்க்கட்டுமா என்று கேட்கும் பிள்ளைக்கு மிரட்டலும் ரகசியமும் ஆர்வத்தைத்தான் கூட்டும். ஆபத்தான கருவி, பெரியவர்கள் வேலைக்கு மட்டும் எடுப்பது என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

ஏர்கன் உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. 4.5 மில்லிமீட்டர் அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர்கன்களுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அவை பொம்மை போலவே வரவேற்பறையில் சாய்ந்து கிடக்கின்றன. கண்ணைப் பறிக்க அந்த ஆற்றல் தாராளமாகப் போதும். அதையும் பெட்டிக்குள் வையுங்கள்.

9. துப்பாக்கி வெளியே வரும் நாட்கள்

நன்றாகப் பூட்டி வைத்திருக்கும் வீடுகளிலும் ஒழுங்கு கலைவது சில குறிப்பிட்ட நாட்களில்தான். முதலாவது ஆயுத பூஜை. துப்பாக்கிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, சுண்டலும் பொரியும் பரப்பிய இடத்திலேயே சாய்த்து வைத்து, மறுநாள் காலை எடுக்கும் வரை அப்படியே விடுகிறார்கள். அன்று வீடு முழுக்க அத்தை மாமா பிள்ளைகள். பூஜைக்கு முன் காலி செய்து, கம்பிவடப் பூட்டோடு வைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் உரிமதாரரே எடுத்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அல்லது பெட்டிக் கதவுக்கே பொட்டிட்டு முடித்துக்கொள்ளலாம். பெரியவர்கள் மறுப்பு சொன்னால், இரண்டாவது வழியைச் சற்றுப் பொறுமையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது தேர்தல். அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும், முடிந்த பின் திரும்பப் பெறுவதும் நமக்குப் பழக்கமானவை. பல வாரங்கள் பெட்டி காலியாகக் கிடப்பதால், அந்த இடத்தில் சால்வையும் பழைய பத்திரமும் குடியேறியிருக்கும், எண் பூட்டின் மின்கலம் தீர்ந்திருக்கும். துப்பாக்கியைக் கொண்டு வந்தவர் "நாளைக்குச் சரி செய்யலாம்" என்று கட்டிலின் மேல் வைக்கிறார். மீட்கப் போகும் முன்பே பெட்டியைத் திறந்து மூடிப் பாருங்கள். வந்ததும் பிறர் கையிலிருந்து வந்த பொருள் என்பதால் 3ஆம் படியை முழுவதுமாக மீண்டும் செய்யுங்கள்.

சுத்தம் செய்யும் வேளையும் கவனம் வேண்டியது. நடுவில் வாசல் மணி அடிக்கும், போன் வரும். மேசையில் பிரித்துப் போட்டபடி எழுந்து போகாதீர்கள். முதலில் பெட்டி, பிறகு வாசல். மண்ணெண்ணெயும் சுத்தம் செய்யும் திரவமும் பழைய குளிர்பான பாட்டிலில் இருக்கக் கூடாது. துடைத்த துணியில் ஈயத் துகள் இருக்கும் என்பதால் அதைக் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் தாத்தா வீடுகளுக்கும் இந்த வழிகாட்டி அப்படியே பொருந்தும். அனுப்பும் பெற்றோர் வெட்கப்படாமல், துப்பாக்கி பூட்டியிருக்கிறதா மாமா, சாவி உங்களிடம் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட வேண்டும்.

10. வீட்டில் வைக்கவே கூடாத காலம்

சில காலங்களில் எந்தப் பூட்டும் போதாது. வீட்டில் ஒருவர் கடும் மனச்சோர்வில் இருந்தால், பதின்வயதுப் பிள்ளை தேர்வு முடிவாலோ காதல் முறிவாலோ நொறுங்கிப் போயிருந்தால், குடியும் சண்டையும் தொடர்ந்தால், துப்பாக்கியை வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள். வளர்ந்த பிள்ளைக்குச் சாவியைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் போதும். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு துப்பாக்கியைப் பாதுகாப்பில் வைத்துக்கொள்கிறார்கள். காவல் நிலையத்திலும் ஒப்படைக்கலாம். காரணத்தை ஊருக்கெல்லாம் விளக்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்திருக்கிறது, வீடு மாறுகிறோம் என்பதே போதிய காரணம். ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த இரண்டில் ஒன்று ஆண்டுக்கணக்கில் எடுக்கப்படாமல் கிடந்தால், அதை விற்றுவிடுவது பற்றியும் யோசிக்கலாம்.

உரிமதாரர் இறந்துபோனால், உரிமம் வாரிசுக்குத் தானாக மாறிவிடாது. காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ விற்பனையாளரிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. உரிமம் கேட்க விரும்பும் வாரிசு அதன் பிறகு விண்ணப்பிக்கலாம், அதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். துக்க வீட்டில் பெட்டியையும் சாவியையும் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாமல் போவது வழக்கம் என்பதால், உரிமத்தின் நகலையும், துப்பாக்கியின் எண்ணையும், பெட்டி இருக்கும் இடத்தையும், வங்கி லாக்கரில் இருக்கும் சாவியைப் பற்றிய குறிப்பையும் ஒரு உறையில் இட்டு, வீட்டிலுள்ள பொறுப்பான ஒரு பெரியவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஒப்படைக்கும்போது ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று அங்கேயே நின்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.